நிலாவுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு
(உடலின் நாட்காட்டி – 7)

மாசி மகப் பௌர்ணமி அன்று மாமல்லபுரம் கடற்கரை இருளர்களுடையது. பல மாவட்டங்களிலிருந்து வந்து, சேலைகளைக் கட்டிக் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். விடிகாலையில் அலையோரத்தில் கல்யாணம் நடக்கும். பிள்ளைகளுக்கு மொட்டையும் காதுகுத்தும் அங்கேதான். இன்ன நாளில் வா என்று யாரும் ஓலை அனுப்ப வேண்டியதில்லை. சராசரியாக 29½ நாளுக்கு ஒருமுறை நிலா நிறைந்துவிடும்.

மாதவிலக்கு அப்படியல்ல. 21 நாளுக்கு ஒருமுறை வந்தாலும் இயல்பு, 35 நாளுக்கு ஒருமுறை வந்தாலும் இயல்பு. ஒரே பெண்ணுக்கு இந்த மாதம் 27, அடுத்த மாதம் 30 என்றும் ஆகும்.

நம் பக்கத்தில் கர்ப்பமானவளை 'முழுகாம இருக்கா' என்பார்கள். தலைக்குக் குளிப்பதிலிருந்தே எல்லாக் கணக்கும் தொடங்கும். தொல்காப்பியக் கற்பியலும் பூப்புக்குப் பின் 12 நாள் கணவன் மனைவியைப் பிரிந்து உறையலாகாது என்கிறது. தலைக்குக் குளிக்கும் நான்காம் நாளிலிருந்து எண்ணினால் 15ஆம் நாள் வரை வரும். 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு 14ஆம் நாளை ஒட்டிக் கருமுட்டை வெளிவரும். கணக்கு சரிதான்.

35 நாள்காரிக்கு? அவளுக்கு 21ஆம் நாள் ஆகிவிடும். முட்டை வெளிவந்தபின் அடுத்த விலக்குக்குப் பெரும்பாலும் சுமார் 14 நாள். நீள்வதும் குறுகுவதும் அதற்கு முந்திய பகுதி. ஆகவே, அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 1920களில் ஜப்பானில் ஒகினோ என்ற மருத்துவரும் ஆஸ்திரியாவில் க்னாஸ் என்ற மருத்துவரும் தனித்தனியே கண்டது இது.

வராத விலக்கிலிருந்து எப்படி எண்ணுவது? உடம்பு ஒரு குறி காட்டும். முட்டை வெளிவருவதற்குச் சில நாள் முன்பு, வெள்ளைப்படுதல் கோழிமுட்டையின் வெள்ளைக்கருபோல் வழுவழுப்பாகி, இழுத்தால் நூலாக நீளும். கரு தரிக்க அந்த நாட்களே நல்ல நாட்கள். வெளிவந்த முட்டைக்கு ஒரு நாள் ஆயுள்கூட இல்லை. விந்தணு உள்ளே 5 நாள் வரை காத்திருக்கும். வில்காக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் 221 பெண்களிடம் ஆராய்ந்து 1995இல் வெளியிட்டதும் இதையே சொன்னது: கரு தரிக்கும் வாய்ப்பு 6 நாள், முட்டை வெளிவரும் நாள் அதில் கடைசி. அந்த நாளிலும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். 'இந்த மாசமும் குளிச்சிட்டா' என்று மாமியார் பெருமூச்சு விடுவதற்குமுன் இதை நினைக்கலாம்.

ஓராண்டு முயன்றும் தரிக்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். விலக்கு தாறுமாறாக வந்தால் காத்திருக்கவே வேண்டாம். போகும்போது இருவரும் போங்கள். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் உண்டு. விந்துப் பரிசோதனையோ எளியது, ஊசிகூடக் குத்தமாட்டார்கள். ஆனாலும் மனைவிக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் அந்தப் பேச்சே எழுகிறது.

அடுத்த வாரம்: கணவர் கையில் கொடுக்கும் அந்த விந்துப் பரிசோதனைத் தாளைப் படிப்பது எப்படி?