முகவரி கேட்டுக் கூவும் கணினி

புதிதாகத் திறந்த மாடி. மேசைகள் வந்துவிட்டன, கேபிள் இழுத்தாயிற்று, சுவிட்சில் பச்சை விளக்கு கண்சிமிட்டுகிறது. ஆனால் எந்தக் கணினியிலும் இணையம் இல்லை. ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்குகிறது. நெட்வொர்க் வேலை பார்த்தவர்களுக்கு அந்த எண்ணே போதும்: கேட்டும் முகவரி கிடைக்காததால், கணினி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பலர் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து கையால் முகவரி போட்டுவிடுகிறார்கள். அன்றைய பொழுது தப்பும். சில மாதங்கள் கழித்து ஒரே எண் இரண்டு கருவிகளுக்குப் போய், பிரிண்டர் ஒருநாள் ஓடி ஒருநாள் முரண்டுபிடிக்கும்போது, யார் எங்கே எதைப் போட்டார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது. சுவிட்சில் ஒரு வரி எழுதினால் தீர்கிற காரியத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993-இல் வரையறுக்கப்பட்டு, 1997-இல் திருத்தப்பட்டது. அப்போதுதான் விழித்தெழுந்த கணினிக்குத் தன் முகவரியும் தெரியாது, முகவரி வழங்கும் சர்வரின் முகவரியும் தெரியாது. எனவே 0.0.0.0 என்று தன்னைக் குறித்துக்கொண்டு, 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு, ‘யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்’ என்று கூவுகிறது. இந்தக் கூவல் அந்தக் கணினி இருக்கும் தெருவுக்குள், அதாவது அந்த நெட்வொர்க் பகுதிக்குள்தான் கேட்கும். ரவுட்டர் அதை அடுத்த தெருவுக்கு விடாது. விட்டால் பெரிய நெட்வொர்க் முழுக்க ஒரே இரைச்சலாகிவிடும்.

அலுவலகம் சிறியதாக, எல்லாம் ஒரே தெருவாக இருந்தவரை சிக்கல் இல்லை. கணக்குப் பிரிவு, விருந்தினர் வைஃபை, கேமரா என்று தனித்தனி விலான்களாக, அதாவது தனித்தனித் தெருக்களாகப் பிரித்ததும், சர்வர் ஒரு தெருவிலும் கூவுகிறவர்கள் வேறு தெருக்களிலுமாக ஆகிவிடுகிறார்கள். தெருவுக்கொரு சர்வர் வைப்பது வீண் செலவு. இங்கேதான் ரிலே வருகிறது. இந்த யோசனை டிஎச்சிபியை விடப் பழையது. அதன் மூதாதையான, 1985-இல் வந்த பூட்பி முறையிலேயே இதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

கூவலைக் கேட்கும் சுவிட்ச், அதை ஒரு கடிதமாக்கி நேராகச் சர்வருக்கு அனுப்புகிறது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகியவர்களுக்கு ‘அனுப்புநர்’ பகுதி நினைவிருக்கும். அதுபோல, சுவிட்ச் அந்த விலானில் தனக்குள்ள முகவரியை உள்ளே ஒரு கட்டத்தில் எழுதிவைக்கிறது. 10.20.0.1 என்று எழுதியிருந்தால், சர்வர் 10.20.0 வரிசையிலிருந்து ஒரு முகவரியை எடுத்து, பதிலை அதே 10.20.0.1-க்கு அனுப்பும்.

சிஸ்கோ சுவிட்சில் இதைச் செய்ய, ‘எனேபிள்’, ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்று உள்ளே நுழைந்து, ‘இன்டர்ஃபேஸ் விலான் 20’ அடித்து, அதற்குள் ‘ஐபி ஹெல்பர்-அட்ரஸ் 10.10.0.5’ என்று எழுத வேண்டும். கடைசியில் வருவது சர்வரின் முகவரி. எல்லோரும் வழுக்கி விழும் இடமும் இதுதான்: சர்வர் இருக்கும் விலானில் இந்த வரியை எழுதிவிட்டு, வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கூவுகிறவர் எந்தத் தெருவோ அந்தத் தெருவில்தான் எழுத வேண்டும்; அதுவும் அந்த விலானுக்கு கேட்வேயாக இருக்கும் கருவியில்.

கட்டளையின் பெயரில் டிஎச்சிபி என்ற சொல்லே இல்லாதது புதியவர்களைக் குழப்பும். காரணம் உண்டு. இந்த வரி, டிஎன்எஸ், டிஎஃப்டிபி, நெட்பயாஸ் போன்றவற்றின் கூவல்களையும் சேர்த்தே அனுப்பிவைக்கும். வேண்டாதவற்றை ‘நோ ஐபி ஃபார்வர்டு-புரோட்டோகால் யூடிபி 137’ என்பதுபோல ஒவ்வொன்றாக நிறுத்தலாம், நிறுத்துவதே நல்லது. ஹுவாவே சுவிட்சில் பெயர் வெளிப்படை: முதலில் ‘டிஎச்சிபி எனேபிள்’, பிறகு இன்டர்ஃபேஸுக்குள் ‘டிஎச்சிபி செலக்ட் ரிலே’.

வரியைச் சரியாக எழுதியும் முகவரி வரவில்லையா? சுவிட்சைத் திட்டுவதற்கு முன் சர்வர் பக்கம் பாருங்கள். 10.20.0 வரிசைக்கு அங்கே ஒதுக்கீடு போட்டிருக்கிறதா? அந்த விலானுக்குத் திரும்பிவரும் வழி சர்வருக்குத் தெரியுமா? நடுவில் ஃபயர்வால் இருந்தால் யூடிபி 67 திறந்திருக்கிறதா? வழியைச் சோதிக்க நான் நம்புவது ஒரே வரி: ‘பிங் 10.10.0.5 சோர்ஸ் விலான் 20’. வெறும் பிங் போதாது. அது வேறு முகவரியிலிருந்து கிளம்பி, எல்லாம் நலம் என்று பொய் சொல்லிவிடும்.

எல்லாம் சரியானால், விண்டோஸ் கணினியில் ‘ஐபிகான்ஃபிக் /ரெனியூ’ அடித்ததும் 169.254 மறைந்து 10.20.0 வரும். அந்த மகிழ்ச்சியில் எழுந்து போய்விடாதீர்கள். ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்’ அடித்துச் சேமித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால், அடுத்தமுறை மின்சாரம் போய் வரும்போது அந்த வரி சுவிட்சில் இருக்காது.