பெருஞ்சிலந்தியின் ஆகாரமும் வளர்ப்போர் அறிய வேண்டுவனவும்

2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், போலந்து நாட்டிலிருந்து தபாலில் வந்து சென்னையில் சுங்க அதிகாரிகளின் சோதனைக்கு உட்பட்ட ஒரு பார்சலில், வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 பிளாஸ்டிக் குப்பிகளும், குப்பிக்கு ஒன்றாக உயிருள்ள 107 சிலந்திகளும் இருந்தன. அந்தப் பார்சல் போய்ச் சேர வேண்டியிருந்த ஊர், மதுரைக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அருப்புக்கோட்டை. வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் விஞ்ஞானிகளும் அவற்றைப் பரிசீலித்து, அவை மெக்சிகோவையும் மத்திய, தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட டாரண்டுலா என்னும் பெருஞ்சிலந்தி வகைகளாக இருக்கக்கூடும் என்று கருத்துத் தெரிவித்தனர். இறக்குமதி உரிமமும் சுகாதாரச் சான்றும் இல்லாமையால், அவை புறப்பட்ட நாட்டுக்கே திருப்பி அனுப்பும்பொருட்டுத் தபால் துறையினரிடம் ஒப்படைக்கப்பட்டன.

அயல்நாட்டுப் பெருஞ்சிலந்திகளை வீட்டில் வைத்து வளர்ப்பது எங்கோ தொலைவிலுள்ள பெருநகரங்களின் விநோதம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்க, அந்த வழக்கம் வைகைக்குத் தெற்கேயுள்ள கரிசல் பூமியையும் தொட்டுவிட்டது என்பதை அந்த ஒரு விலாசம் புலப்படுத்துகிறது. சிலந்தி வளர்க்கும் இளைஞரைப் பரிகசிப்பதோ பயமுறுத்துவதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. பிறர் அருவருத்து மிதிக்கும் ஒரு ஜீவனிடம் ஒருவர் அன்பு கொள்வது நல்ல குணமே. ஆனால் தம் கையிலிருப்பது எந்த இனம் என்பதை அறியாமலேயே அதைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, அது தின்றால் மகிழ்ந்தும் தின்னாவிட்டால் கலங்கியும் நாட்களைக் கழிப்பவர்கள், அந்த ஜீவனுக்கும் தமக்கும் ஒருசேரக் கேட்டைத் தேடிக்கொள்கிறார்கள். அது எதை, எப்போது, எவ்விதம் உண்ணும் என்பதையும், சீண்டினால் எவ்விதம் தற்காத்துக்கொள்ளும் என்பதையும், அதை வைத்திருப்பவரிடம் சட்டம் என்ன கேட்கும் என்பதையும் நிர்ணயிப்பது அதன் இனமே.

டாரண்டுலா என்று பொதுவாக வழங்கும் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் வீட்டு மூலையில் வலை பின்னும் சிலந்தியைப் போல் இவை வலையில் இரையைச் சிக்க வைப்பதில்லை. எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மங்கலாதலால், காலிலுள்ள நுண்ணிய மயிர்களால் தரையின் அதிர்வை உணர்ந்து, அசையாமல் காத்திருந்து, இரை எட்டும் தூரத்தில் வந்ததும் பாய்ந்து நச்சுப்பற்களைப் பதிக்கின்றன. பின்னர் செரிமான நீரைப் பாய்ச்சி, இரையின் உடலைக் குழம்பாக்கி உறிஞ்சி, சக்கையைச் சிறு உருண்டையாக ஒதுக்கிவிடுகின்றன. இவ்வளவும் எல்லாவற்றுக்கும் பொது. இதற்கு மேல் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிச் சுபாவம்.

மரப்பொந்தில் வாழும் பொசிலோதீரியா, நம் இந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரிய இனம். பகலெல்லாம் பட்டைக்குள் ஒடுங்கியிருந்து, இருட்டியபின் வெளிவந்து, கண் இமைக்கும் நேரத்தில் இரையைக் கவர்ந்துகொண்டு மறையும் இயல்புடையது. அதைப் படுக்கை வாட்டமான தாழ்ந்த பெட்டியில் வைத்து, பகல் வெளிச்சத்தில் தரையில் ஒரு சுவர்க்கோழியைப் போட்டுவிட்டு, தின்னவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் திரிக்மோபியஸ் போன்ற வளைவாசிகளோ, பட்டு இழை பூசிய தம் வளையின் வாயிலிலேயே இரையைப் பற்றி உள்ளே இழுத்துச் சென்றுவிடுவதால், அவை உண்பதை வளர்ப்பவர் ஒருநாளும் காணாமலிருக்கலாம். மெக்சிகோவின் பிராக்கிபெல்மா தரையில் நிதானமாக வாழ்ந்து, மெதுவாக வளர்ந்து, ஒழுங்காக உண்ணும். சிலி நாட்டுக் கிராமோஸ்டோலா வகையோ, எந்த நோயும் இன்றி மாதக்கணக்கில் உபவாசம் இருக்கும். நல்ல ஆரோக்கியமுள்ள பெண் சிலந்தி ஓராண்டு வரை உண்ணாதிருந்ததையும் வளர்ப்போர் பலர் கண்டிருக்கின்றனர். ஓர் இனத்துக்கு ஆபத்தின் அறிகுறியாக அமைவது மற்றோர் இனத்துக்கு இயற்கையாக அமைகிறது.

ஒரே இனத்துக்குள்ளும் வயதும் பாலும் பசியை மாற்றுகின்றன. குஞ்சுகளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை, தம் உடலைவிடச் சிறிய இரை வேண்டும். மிகச் சிறிய குஞ்சு, கொன்ற பூச்சியின் ஒரு காலைக்கூட உறிஞ்சி உயிர் வாழும். வளர்ந்த பெண்ணுக்கு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு முறை போதும். கடைசிச் சட்டையை உரித்து முதிர்ந்த ஆண், துணையைத் தேடி ஓயாது அலைவதிலேயே தன் எஞ்சிய சொற்ப ஆயுளைச் செலவிட்டு, ஆகாரத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. பெண் இருபது ஆண்டு வாழக்கூடிய இனத்திலும் ஆணின் வாழ்வு சில ஆண்டுகளே. விற்பவர் இதைச் சொல்லாமல் முதிர்ந்த ஆணைக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் அதன் இயல்பான முடிவைத் தம் குற்றமென்று எண்ணி மனம் நோவார்.

சாவுகள் பல நேர்வது சட்டை உரிக்கும் காலத்தில்தான் என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டை உரிப்பதற்குச் சில நாட்களோ வாரங்களோ முன்னதாகவே சிலந்தி உண்பதை நிறுத்திவிடும், வயிறு கருத்து மினுமினுக்கும், அசைவு குறையும். அப்போது பசியென்று நினைத்து உயிருள்ள சுவர்க்கோழியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு உறங்கப் போகிறவர், தம் சிலந்தியைத் தாமே அதற்கு இரையாக்குகிறார். ஏனெனில் மென்மையான புதுத் தோலோடு அசைய முடியாமல் கிடக்கும் சிலந்தியை அந்தச் சிறு பூச்சி கடித்துக் குதறிவிடும். சட்டை உரிக்கையில் சிலந்தி மல்லாந்து கிடக்கும். அது செத்துவிட்டதென்று குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, நிமிர்ந்தபடியே கால்களையெல்லாம் அடியில் மடக்கிச் சுருண்டிருந்தால், அது பெரும்பாலும் உடலில் நீர் வற்றிய அடையாளம். கோடையில் மொட்டைமாடிக் கான்கிரீட் தகிக்கும் நம் மதுரை வீடுகளில் இந்த அபாயம் அதிகம். ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம் ஒன்று எப்போதும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். சட்டை உரித்தபின் நச்சுப்பற்கள் வெளுத்து மெத்தென்றிருக்கும். அவை கருத்து இறுகும்வரை, பெரிய சிலந்தியானால் ஏறக்குறைய இரண்டு வாரம், ஆகாரம் கொடுக்கலாகாது.

அளவுக்கு மீறிய ஆகாரமும் கொடுமையே. உப்பிய வயிற்றோடு பெட்டியின் சுவரில் ஏறிச் சிறு உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு பிளந்து சிலந்தி மாண்டுபோகும். இரை அதன் வயிற்றின் அளவுக்கு மேற்படக்கூடாது. தின்னாமல் விட்ட பூச்சியை மறுநாளே எடுத்துவிட வேண்டும். வயல்வெளியில் பிடித்த வெட்டுக்கிளியையும் சுவர்க்கோழியையும் கொடுப்பது பணச்செலவு இல்லாத வழியாகத் தோன்றினாலும், மொட்டுப்புழுவுக்காக மருந்து தெளிக்கும் மல்லிகைத் தோட்டங்களும், பருத்தியும் நெல்லும் சூழ்ந்த இந்தச் சமவெளியில், அப்பூச்சியின் உடலில் ஊறிய பூச்சிக்கொல்லி சிலந்தியையும் கொன்றுவிடும். வீட்டில் வளர்த்த பூச்சியே நன்று.

பார்ப்பவர் வியக்க வேண்டும் என்பதற்காக உயிருள்ள எலிக்குஞ்சையும் பல்லியையும் பெட்டிக்குள் விட்டுப் படம் பிடிப்பவர்களுக்கு ஒன்று கூறியாக வேண்டும். சிலந்திக்கு அது அவசியமான ஆகாரம் அன்று. அதுமட்டுமன்றி, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, கேளிக்கைக்காக ஒரு பிராணியை அடைத்துவைத்து மற்றொன்றுக்கு இரையாக்குவதைக் குற்றமென்றே வரையறுக்கிறது. மனிதன் நீங்கலாக உயிருள்ள எதுவும் அச்சட்டத்தின் கண்ணில் பிராணியே. எனவே சிலந்தியைப் பட்டினி போடுவதும் துன்புறுத்துவதும்கூட அதன் வரம்புக்குள் வரும்.

வளர்ப்பவருக்கு நேரும் அபாயமும் இனத்துக்கு இனம் வேறுபடும். அமெரிக்கக் கண்டத்து வகைகள் பல, பின்னங்கால்களால் தம் வயிற்றிலுள்ள நமைச்சல் மயிர்களைக் காற்றில் உதறிவிடும்; அவை கண்ணில் தைத்தால் கருவிழியில் ஆழப் பதிந்து நெடுநாள் அழற்சியை உண்டாக்கும். கண்ணைக் கசக்காமல் தூய நீரால் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உள்ள மதுரையில் தாமதிக்கக் காரணமே இல்லை. நம் பொசிலோதீரியாவுக்கு அந்த மயிர் கிடையாது. அதற்கு ஈடாக அதன் கடி கடுமையானது. வலியோடு தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நீடிக்கும். இரை கொடுக்கும் நேரத்தில் கையை உள்ளே விடுவதே இத்தகைய கடிக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. நீண்ட இடுக்கி இல்லாமல் பெட்டியைத் திறக்கவே கூடாது. கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, கட்டு இறுக்காமல், கீறாமல், பச்சிலை வைத்துக் காலம் கடத்தாமல், பெரியாஸ்பத்திரிக்குச் சென்று கடித்த இனத்தின் பெயரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாம்புக்கடிக்குரிய நஞ்சுமுறி மருந்து இதற்குப் பயன்படாது.

இனி, சட்டம். அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பிராக்கிபெல்மா ஸ்மித்தி 1985-இலேயே சேர்ந்துவிட்டது. பொசிலோதீரியா இனங்கள் அனைத்தும் 2019 நவம்பர் 26 முதல் சேர்ந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இந்த உடன்படிக்கையின் இனங்கள் அதன் நான்காம் அட்டவணையில் இடம்பெற்றன. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர், 49எம் பிரிவின்படியும் 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படியும், கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பரிவேஷ் இணையதளத்தின் மூலம் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு என்பது நேர்மையாக வாங்கியவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு. அதைச் சுமையென்று ஒதுக்குவது அறியாமை.

காட்டிலிருந்தோ தோப்பிலிருந்தோ பிடித்து வந்ததாகச் சொல்லப்படும் சிலந்தியை எவ்விலைக்கும் வாங்கலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இராமேசுவரத்துத் தோப்புகளில் வாழ்ந்து, 2004-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமான பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா, மிகக் குறுகிய பரப்பில் எஞ்சி, அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் வரிசையில் நிற்கிறது. ஒரு மரத்தின் பொந்தைக் குடைந்து நாலைந்தைக் கொண்டுபோனால், அந்த மரத்தில் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

வாங்குபவருக்கு உரிமைகளும் உண்டு. விற்பவரிடம் இனத்தின் விஞ்ஞானப் பெயர், வயது, பால், வளர்ப்பில் பிறந்ததற்கான ஆதாரம், மாநிலப் பிராணி நல வாரியத்தில் கடை பதிவு பெற்ற சான்று ஆகியவற்றைக் கேட்கலாம். ரசீதில் பெயரை எழுதித் தரும்படி வற்புறுத்தலாம். பொய் சொல்லி விற்றதாகத் தெரிந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் ரசீதின்றி, தபாலில் மறைத்து வரவழைத்தவருக்கு இந்தப் பரிகாரங்கள் பயன்படுவது கடினம்.

பதிவில்லாத சிலந்தி ஏற்கெனவே வீட்டில் இருக்குமானால், பயந்துபோய் அதை அழகர்மலை அடிவாரத்திலோ கண்மாய்க்கரையிலோ விட்டுவிடாதீர்கள். அயல்நாட்டு ஜீவன் அங்கே மடியும், அல்லது நம் மண்ணின் உயிர்களுக்கு நோயைக் கொண்டு சேர்க்கும். பிறருக்கு இரகசியமாக விற்றுவிடவும் வேண்டாம். கிடைத்த விவரங்களை எழுதி எடுத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலரை நேரில் காணுங்கள். அவர் வழி சொல்லும்வரை அதற்கு வேண்டிய தண்ணீரையும், அதன் இனத்துக்கு ஏற்ற ஆகாரத்தையும் தவறாமல் கொடுங்கள்.