நலமாயிருப்போரை அழைக்கும் சோதனை

வடக்கனந்தலை ஒட்டிய கல்வராயன் மலையடிவாரத்தில், மரவள்ளிக் கொல்லையில் களையெடுக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே போவதென்று நன்றாகத் தெரியும். வலியில்லாத உடம்பைச் சோதித்துக்கொள்ள வருமாறு செவிலியர் அழைக்கும்போதுதான் அவர் தயங்குகிறார். “எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கு வரணும்?” இதை அறியாமை என்று ஒதுக்குவது அறமன்று. முதலில் நோவு, பிறகு மருத்துவம் என்பதே அவர் வாழ்ந்து கற்ற முறை. கருப்பைவாய்ப் புற்று அம்முறைக்கு அடங்குவதில்லை. பாலுறவால் தொற்றும் பாப்பிலோமா நச்சுயிரி நீங்காது தங்கிவிட்டால், உயிரணுக்கள் நோவேதுமின்றிப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் மெல்லத் திரிகின்றன. குருதி கசியும் நாளில் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

அந்த நீண்ட இடைவெளியில் நோய்க்குறியைக் கண்டறிய ஆய்வகம்கூட வேண்டுவதில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், திரிந்த திசு வெண்திட்டாய்த் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில், 2000 முதல் 2003 வரை, மருத்துவர் சங்கரநாராயணன் குழுவினர் 30 முதல் 59 அகவை வரையிலான பெண்களுக்கு இச்சோதனையைச் செய்தனர். சோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியரே. சோதனைக்குரிய 49,311 பேரில் வந்தவர் 31,343. அவ்வாறு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

வராதவர் யார் என்பதையும் அக்குழு ஆராய்ந்தது. பள்ளி சென்றவர் மிகுதியாக வந்தனர்; பள்ளியே காணாதவர் குறைவாக வந்தனர். ஆனால், வருவாய் குறைந்தவர் பின்தங்கவில்லை. கருத்தடை அறுவை செய்துகொண்டவரும் கூடுதலாகவே வந்தனர். இச்செய்தியையே நான் பெரிதாகக் கருதுகிறேன். மருத்துவமனையின் படியேறி, செவிலியரோடு பேசி, நலமாய் வீடு திரும்பிய பட்டறிவும் ஒருவகை நலக்கல்விதான். அது ஏட்டில் வருவதன்று. பட்டறிந்தவர் வாய்மொழியில் தெரிந்தவருக்கும் பரவுவது.

நாமோ துண்டறிக்கை அச்சிடுகிறோம். சோதனை முடிந்ததும் கையில் ஒரு சீட்டைத் தருகிறோம். அதில் மறுவருகை நாள் இருப்பது படிக்கத் தெரியாதவருக்கு எப்படி விளங்கும்? வருவோரோ குறைவு: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்ட பெண்கள் 9.8 விழுக்காட்டினரே. இந்திய அளவில் அது 1.9.

திண்டுக்கல்லில் வெண்திட்டுக் கண்ட பெண்களுள் தகுதியுடையோர்க்கு அன்றே, அதே இடத்தில், குளிரால் உறையவைக்கும் மருத்துவம் அளிக்க முன்வந்தனர். அறுவையில்லை, மறுநாள் கூலியை இழந்து மீண்டும் அலைய வேண்டியதுமில்லை. வடக்கனந்தல் பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுவே. அதைச் சொல்ல ஏற்றவர், முன்பே சோதனை செய்துகொண்ட அவருடைய தெருக்காரப் பெண்.