முதன்முதலாகக் கொழும்பு பார்க்கப் போகிறீர்களா?

நமுனுகுல மலையடிவாரத்து லயத்தில் பிறந்த நான், கடலை முதலில் பார்த்தது காலி முகத்திடலில். அலை காலை நனைத்ததும் அம்மா சிறுபிள்ளை போலச் சிரித்தார். ஆனால், கோட்டை ரயில் நிலையத்திலிருந்து அங்கே கொண்டுபோய்விட்ட ஆட்டோவுக்கு அன்று இரண்டு நாள் சம்பளம் போயிற்று. நடந்தே போகக்கூடிய தூரம் அது. “நம்ம ஊரா இது? பேசாம வா” என்றார் அப்பா. அந்தத் தயக்கத்தால்தான் நாம் ஏமாறுகிறோம். கொழும்பு நமக்கும் சொந்தமான நகரம்.

அடையாள அட்டை: தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை ஆகியவற்றில் உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. பெரியவர்கள் அட்டையைக் கையில் வைத்திருங்கள். அதன் பிரதியொன்றை வேறு பையில் வையுங்கள். அட்டை தொலைந்தால் அருகிலுள்ள பொலிஸில் முறையிட்டு, முறைப்பாட்டின் பிரதியைப் பெறுங்கள். புதிய அட்டைக்கு அது தேவைப்படும்.

பஸ், ஆட்டோ: பஸ்ஸில் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். பதுளை–கொழும்பு போல மாகாணம் கடந்து ஓடும் பஸ்களில் குறை இருந்தால், பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1955 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லுங்கள். ஆட்டோவில் ஏறுமுன் மீட்டர் போடச் சொல்லுங்கள். மீட்டர் இல்லையென்றால் வாடகையைப் பேசி முடித்த பிறகே ஏறுங்கள்.

கடை: புறக்கோட்டையில் பொருள் வாங்கும்போது பொதியில் அச்சிட்ட விலையைப் பாருங்கள். அதற்குமேல் விற்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். பில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். முறையிட இலக்கம் 1977.

மொழி: 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே பொலிஸில் தமிழிலேயே முறையிடலாம். புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்து விளக்கச் சொல்லுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. இனம், மொழி, சாதி பார்த்துக் கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ தடுப்பதற்கும் அதில் இடமில்லை. அரச அதிகாரிகளால் உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள், இலக்கம் 1996. பதுளையிலும் அதன் அலுவலகம் உண்டு.

வேலை ஆசை: “தங்கச்சிக்கு நல்ல வீட்டில் வேலை இருக்கு” என்று நெருங்குபவரை நம்பிப் பிள்ளையை விட்டுவராதீர்கள். 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது சட்டவிரோதம். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929. வெளிநாட்டு வேலை என்று சொன்னால், பணமும் பாஸ்போர்ட்டும் கொடுக்குமுன் 1989 என்ற இலக்கத்தில் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

இந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல வருடங்கள் கழித்து அம்மாவை மறுபடி காலி முகத்திடலுக்குக் கூட்டிப் போனேன். “மீட்டர் போடுங்க அண்ணே” என்றேன். ஓட்டுநர் மறுபேச்சில்லாமல் போட்டார். அப்பா அன்று கேட்டிருந்தாலும் போட்டிருப்பார்கள்.