ஒளிவாளின் நிறம் எங்கிருந்து வருகிறது?

2016-இல் வெளியான ‘ரோக் ஒன்’ படத்தின் இறுதியில் விளக்கு அணைந்த ஒரு நடைக்கூடம் வரும். கதவு திறக்காமல் சிக்கிக்கொள்ள, கிளர்ச்சிப் படை வீரர்கள் துப்பாக்கிகளை இருட்டை நோக்கி நீட்டியபடி நிற்பார்கள். அந்த இருட்டிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒரு செந்நிற ஒளி எழும். அதன் வெளிச்சத்தில்தான் டார்த் வேடரின் கறுப்பு உருவமே கண்ணுக்குத் தெரியும். வந்திருப்பது யார், இனி என்ன நடக்கும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு சொல்லிவிடும்.

ஒரு ஆயுதத்தின் நிறம் இவ்வளவு பேசும் கற்பனை உலகம் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை. ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ உலகில் ஜெடாய்கள், சித்கள் என இரு மரபினர் உண்டு. உயிர்கள் அனைத்தையும் பிணைக்கும் ‘ஃபோர்ஸ்’ என்ற ஆற்றலை இருவருமே கையாள்வார்கள். ஜெடாய் அதற்குச் செவிசாய்ப்பவர். சித் அதைத் தன் விருப்பத்துக்கு வளைப்பவர். இருவர் கையிலும் இருப்பது ‘லைட்சேபர்’ எனும் ஒளிவாள்தான்: உள்ளே ஒரு படிகம் பொருத்திய உலோகக் கைப்பிடி, விசையை அழுத்தினால் சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு எழும் ஒளிப்பாளம்.

இன்று ரசிகர்கள் இந்த நிறங்களுக்கு நீண்ட விளக்கங்கள் சொல்கிறார்கள். ஆனால் 1977-இல் முதல் படம் வந்தபோது இருந்தவை இரண்டே நிறங்கள்தான். ஜெடாய் தரப்பில் நிற்கும் லூக் ஸ்கைவாக்கருக்கும் ஓபி-வான் கெனோபிக்கும் நீலம், சித் தரப்பில் நிற்கும் வேடருக்குச் சிவப்பு. அந்த ஒளியைத் திரையில் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. அரங்கப் பொருள்களைத் தயாரித்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் கிடைத்த ‘கிராஃப்லெக்ஸ்’ கேமராவின் பழைய ஃபிளாஷ் பிடியை லூக்கின் வாளுக்குக் கைப்பிடியாக்கினார். அதில் செருகிய மரக்கோலின்மேல், ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பொருளைப் பூசினார்கள்; இரவில் சாலைப் பலகைகளைப் பளிச்சிட வைப்பதும் இந்த வகைப் பொருள்தான். கோலை ஒரு மோட்டார் சுழற்ற, கேமராவுக்கு அருகிலிருந்து விளக்கொளி பாய்ச்சப்பட்டது. அதில் கிடைத்த ஒளி போதாததால், ஓவியர்கள் ஒவ்வொரு சட்டகத்திலும் கையால் ஒளியை வரைந்து சேர்த்தார்கள்.

அந்த வாள்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். சிவப்பு வாளானாலும் நீல வாளானாலும் அதன் நடுப்பகுதி வெள்ளைதான். நிறம் விளிம்பைச் சூழ்ந்த ஒளிவட்டத்தில்தான் இருக்கும். கண்கூசும் அளவு பிரகாசமான ஒளியைப் படமெடுத்தால் இப்படித்தான் பதியும். மையத்தில் எல்லா வண்ண அடுக்குகளும் நிரம்பிப்போய் வெண்மையாகிவிடும். ஒளி குறையும் ஓரத்தில்தான் உண்மையான நிறம் தங்கும். வாள் வரைகோடாகத் தெரியாமல் எரியும் பொருளாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாவது நிறம் பிறந்ததற்குக் காரணம் தத்துவம் ஒன்றும் இல்லை, வானம்தான். 1983-இல் வெளிவந்த ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்’ படத்தில் லூக் தானே செய்த புதிய வாளோடு வருகிறான். அதுவும் முதலில் நீலமாகத்தான் இருந்தது. முன்னோட்டக் காட்சிகளில் அப்படியே வெளிவந்தும் விட்டது. ஆனால் பாலைவனத்தில், வெட்டவெளியில் நடக்கும் ஒரு சண்டையில் நீல வானத்தின் முன் நீல வாள் எடுபடவில்லை. அதனால் பச்சையாக மாற்றினார்கள். தந்தையின் வாளை இழந்த மகன் தனக்கென ஒரு நிறத்தோடு திரும்பி வருகிறான் என்று ரசிகர்கள் அதற்குப் பொருள் கண்டார்கள். அந்தப் பொருள் கதைக்குக் கச்சிதமாகவே பொருந்தியது.

ஊதா வந்த கதையும் இதே போலத்தான். 2002-இல் வெளியான ‘அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்’ படத்தில் ஒரு பெரிய மைதானத்தில் ஜெடாய்கள் கூட்டமாகப் போரிடும் காட்சி உண்டு. அந்தக் கூட்டத்தில் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று, மேஸ் விண்டுவாக நடித்த சாமுவேல் எல். ஜாக்சன் லூகாஸிடம் ஊதா வாளைக் கேட்டு வாங்கினார். இருளின் விளிம்புவரை போய்த் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு போரிடுபவர் மேஸ் விண்டு, அதனால்தான் நீலமும் சிவப்பும் கலந்த நிறம் என்ற விளக்கம் பிறகு ரசிகர்களிடையே வேரூன்றியது.

நீலத்துக்கும் பச்சைக்கும் வரையறை வகுக்க முயன்றவை வீடியோ கேம்கள். 2003-இல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் த ஓல்ட் ரிபப்ளிக்’ விளையாட்டில் போர்த்திறனில் தேர்ந்தவர்களுக்கு நீலம், அறிவையும் சமரசத்தையும் நாடுபவர்களுக்குப் பச்சை, இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு மஞ்சள். படித்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் படங்கள் இதற்குக் கட்டுப்படுவதில்லை. லூக் நீலத்தையும் ஏந்தியிருக்கிறான், பச்சையையும் ஏந்தியிருக்கிறான். 1999-இல் வந்த ‘த ஃபேன்டம் மெனஸ்’ படத்தின் முடிவில் தன் நீல வாளை இழந்த ஓபி-வான், வீழ்ந்துகிடக்கும் குரு குவை-கான் ஜின்னின் பச்சை வாளைத் தன்பக்கம் வரவழைத்துத்தான் சித்தான டார்த் மாலை வெட்டுகிறான். நிறம் பதவியைக் குறிக்கும் பட்டையாக இருந்திருந்தால் இந்தக் காட்சிக்கு இத்தனை வலு இருந்திருக்காது.

பிற்காலக் கதைகள் இதைவிட ஆழமான பதிலைத் தந்தன. வாளுக்குள் இருப்பது ‘கைபர்’ எனும் படிகம். அது ஃபோர்ஸோடு இசைந்தது, ஒருவகையில் உயிருள்ளது. ‘த குளோன் வார்ஸ்’ தொடரில், இளம் மாணவர்கள் இலம் என்ற பனிக்கோளின் குகைக்குள் அனுப்பப்படுகிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் அச்சத்தையோ அவசரத்தையோ வென்றால்தான் தங்களுக்குரிய படிகம் கிடைக்கும். அதுவரை நிறமற்று இருக்கும் கல், உரியவரோடு இணைந்த பிறகே நிறம் பெறுகிறது.

இங்கே நிஜ உலகின் கற்களை நினைத்துப் பார்க்கலாம். மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம், அலுமினியம் ஆக்சைடு. அதில் துளியளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய உலகின் முதல் லேசர், செயற்கை மாணிக்கத் தண்டு ஒன்றிலிருந்து ஆழ்ந்த சிவப்பு ஒளியைத்தான் உமிழ்ந்தது. ஆனால் லேசர் ஒரு மீட்டரில் நின்றுவிடாது. இரண்டு கற்றைகள் மோதிக்கொள்ளாமல் ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடும். ஒளிவாளை இயற்பியலால் விளக்கிவிட முடியாது. ஆனால் கல்லுக்குள் புகும் ஏதோ ஒன்று அதன் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பது மட்டும் இரு உலகுக்கும் பொது. கைபர் கல்லுக்குள் புகுவது அதை ஏந்துபவரின் உள்ளம்.

அப்படியானால் சிவப்பு? பழைய நாவல்களிலும் கேம்களிலும் சித்கள் உலையில் செயற்கைப் படிகம் செய்துகொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. புதிய கதைகளில் காரணம் கொடூரமானது. இயல்பில் எந்தக் கைபரும் சிவப்பாக இருப்பதில்லை. சித் ஒரு ஜெடாயைக் கொன்று அவர் படிகத்தைப் பறிக்கிறான். தன் வெறுப்பையும் வலியையும் அதற்குள் செலுத்தி, அதை ‘இரத்தம் கசிய’ வைக்கிறான். 2017-இல் தொடங்கிய ‘டார்த் வேடர்’ காமிக்ஸ் தொடரில் வேடர் இதைச் செய்யும் இடம் மனத்தை உலுக்கும். படிகம் எதிர்க்கிறது, அவன் மனம் திருந்தி ஓபி-வானிடம் திரும்பிச் செல்லும் வழியை ஒரு தரிசனமாகக் காட்டுகிறது. வேடர் அதை உதறுகிறான். கல் சிவக்கிறது. 2024-இல் வந்த ‘தி அகோலைட்’ தொடரிலும் ஒரு நீல வாள், கொலை நடக்கும் அந்தக் கணத்தில் ஏந்தியவளின் கையிலேயே சிவப்பாக மாறுகிறது. இவற்றையெல்லாம் அறிந்தபின் ஒரு சிவப்பு வாளைப் பார்த்தால், அதில் ஒரு குற்றத்தின் வரலாறே தெரியும்.

அந்தக் குற்றத்துக்கு மாற்றும் உண்டு. ஈ. கே. ஜான்ஸ்டன் 2016-இல் எழுதிய ‘அசோகா’ நாவலில், ஜெடாய் அமைப்பிலிருந்து விலகிய அசோகா டானோ, பேரரசின் வேட்டைக்காரன் ஒருவனை வீழ்த்தி அவன் வாளிலிருந்த சிவப்புப் படிகங்களை ஆற்றுகிறாள். வதை நீங்கிய கற்கள் வெண்மை பெறுகின்றன. எந்த மரபுக்கும் கட்டுப்படாதவளின் கையில் எந்த நிறமும் சாராத ஒளி.

மற்ற நிறங்களுக்கும் இடம் உண்டு. ஜெடாய் ஆலயத்தின் முகமூடி அணிந்த காவலர்களுக்கு மஞ்சள்; 2019-இல் வந்த படத்தின் முடிவில் நாயகி ரே ஏந்துவதும் மஞ்சள்தான். மாண்டலோர் இனத்திலிருந்து வந்த முதல் ஜெடாய் டார் விஸ்லா செய்தது, வெண்விளிம்பு கொண்ட ஒரே ஒரு கரிய வாள். அதை ஏந்துபவருக்கு அந்த மக்களை ஆளும் உரிமை உண்டு, ஆனால் சண்டையில் வென்றே பெற வேண்டும் என்பது மரபு.

படப்பிடிப்புத் தேவைக்காகத் தேர்ந்தெடுத்த நிறங்களுக்கு, பிறகு வந்த எழுத்தாளர்கள் ஓர் அறத்தையே கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இந்த உலகின் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது. ஒரு வாளைக் கண்டதும் இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கல்லை இவர் எப்படிப் பெற்றார், அதை எப்படி நடத்தினார் என்பதுதான். 2023-இல் வெளியான ‘அசோகா’ தொடரில் பேலன் ஸ்கால் என்ற முன்னாள் ஜெடாயின் வாள், சிவப்புக்குச் சற்று முன்பே நின்றுவிட்ட ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. தொடரில் அதற்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை. ஜெடாய் மரபைக் கைவிட்டவர், ஆனால் முழுமையாக இருளுக்குள் போகாதவர் அவர் என்று, அந்த நிறத்தைப் பார்த்தே ரசிகர்கள் படித்துக்கொள்கிறார்கள்.