முக்கால்வாசிக்கு மதிப்பெண் உண்டா?

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவரின் கேள்வி: “8 பாயிண்ட் வேலை. கோடிங் முடிந்து டெஸ்டிங் மட்டும் பாக்கி. ஸ்பிரிண்ட் முடிவில் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். நியாயமா?”

நியாயம்தான். வேலையை ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய தவணைகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டிப்பே இதுதான். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்கிரம் கையேட்டின் 2020 பதிப்பைப் பாருங்கள். ‘முடிந்தது’ என்பதற்கு அணி வைத்திருக்கும் வரையறையை எட்டாத வேலையை ரிலீஸ் செய்யக் கூடாது. ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் ரிவ்யூவில் காட்டவும் கூடாது. அது பேக்லாக் என்னும் பாக்கி வேலைப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். வேலையின் அளவைக் குறிக்கும் பாயிண்ட் கணக்கு கையேட்டில் இல்லை, எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு முறையிலிருந்து வந்தது. அங்கும் முடிந்த வேலைக்கு மட்டுமே பாயிண்ட். ‘80 சதவீதம் ஆச்சு’ என்பது யாராலும் அளக்க முடியாத ஊகம் அல்லவா?

என் சித்தி தையல்கடை வைத்திருந்தார். தீபாவளிக்கு முதல் நாள் கொக்கி வைக்காத ரவிக்கை பத்துக் கிடந்தால், கொடுக்க ஒன்றுகூட இல்லை என்றுதான் அர்த்தம். அதனால் ஒன்றை முடிக்காமல் அடுத்த துணியில் கத்திரி வைக்க விடமாட்டார்.

1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த தேற்றமும் இதற்குத் துணை நிற்கிறது. வாரம் 4 வேலை முடிக்கும் அணி 12 வேலையைத் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாக 3 வாரம் ஆகும். அதே வேகத்தில் 6 மட்டும் திறந்திருந்தால் ஒன்றரை வாரம் போதும்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. ஸ்பிரிண்டை மூடும்போது, மிச்சத்தை எங்கே தள்ளுவது என்று ஜிரா மென்பொருள் கேட்கிறது. பல அணிகள் யோசிக்காமல் அடுத்த ஸ்பிரிண்டைத் தேர்ந்தெடுக்கின்றன. ‘இது இன்னும் தேவையா?’ என்று யாரும் கேட்பதில்லை. வேறு சில இடங்களில் பூஜ்யத்துக்குப் பயந்து பிள்ளைகளை ராத்திரியெல்லாம் உட்கார வைக்கிறார்கள், டெஸ்டிங்கைச் சுருக்குகிறார்கள். ஸ்பிரிண்டுக்கு எடுத்த வேலை கணிப்புதான், சத்தியம் அல்ல என்று ஸ்கிரம் கையேட்டின் 2011 பதிப்பே தெளிவாக்கிவிட்டது. அந்தப் பூஜ்யத்தை ஊழியரின் தரமாகப் படிக்கும் மேலாளர் அளவுகோலைப் பிரம்பாக்குகிறார்.

வாசகிக்கு ஒன்று: உங்கள் 8 பாயிண்ட் எங்கும் போய்விடவில்லை. வேலை முடிகிற ஸ்பிரிண்டில் முழுதாக வந்து சேரும், சராசரியில் சரியாகிவிடும். அடுத்த முறை ஸ்பிரிண்டின் நடுவிலேயே இழுபறி தெரிந்தால் எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனரிடம் போய்ப் பேசுங்கள். வேலையைச் சிறிதாக வெட்டலாம். புதிதாக ஒன்றைத் தொடங்கப்போகும் சக ஊழியரை உங்கள் டெஸ்டிங்குக்கு அழைக்கலாம்.