விளக்கு அணைந்தாலும் கம்பியில் மின்சாரம் இருக்கலாம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஜுரு தாமான் வீடுகளில் சாயம் பூசும் வேலை தொடங்கிவிடும். சுவர் பளிச்சென்று ஆனதும் கண் உறுத்துவது கூடத்துப் பழைய குழல்விளக்குத்தான். வயர்மேன் அந்த நேரத்தில் எளிதில் கிடைக்கமாட்டார். "இரண்டு கம்பிதானே, நாமே மாட்டிவிடலாம்" என்று புதிய எல்.இ.டி. விளக்கோடு ஏணியையும் எடுத்து வருகிறீர்கள். சுவிட்சை அணைக்கிறீர்கள், விளக்கும் அணைகிறது. ஏறலாமா?

கூடாது. விளக்கு எரியவில்லை என்றால் அதன் வழியே மின்னோட்டம் பாயவில்லை என்று மட்டுமே பொருள். கம்பியில் மின்னழுத்தம் இல்லை என்று பொருளல்ல.

மின்சாரம் லைவ் கம்பியில் வந்து, விளக்கைக் கடந்து, நியூட்ரல் கம்பியில் திரும்புகிறது. சுவிட்ச் லைவ் கம்பியில்தான் இருக்க வேண்டும். யாரோ தவறுதலாக நியூட்ரலில் வைத்திருந்தால், அணைத்த பிறகும் விளக்கின் இரண்டு முனைகளிலும் 230 வோல்ட் காத்திருக்கும். அணைத்த எல்.இ.டி. இரவில் மங்கலாக ஒளிர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு வேறு காரணங்களும் உண்டு; ஆனால் இதுவும் ஒன்று. சுவிட்ச் சரியாகவே இருந்தாலும், சில வீடுகளில் அடுத்த அறைக்குப் போகும் லைவ் கம்பி இதே விளக்கு முனையில் இணைந்துதான் போகிறது. அந்தக் கம்பிக்கு உங்கள் சுவிட்ச் ஒரு பொருட்டே இல்லை.

"ஏதாவது நடந்தால் டிபி பெட்டியில் ட்ரிப் ஆகிவிடும்" என்பது பலரின் நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வியர்த்த கையோடு உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். சில நொடி நீடித்தால் 0.05 ஆம்பியரே இதயத்தைத் தடுமாற வைக்கும். விளக்குச் சுற்றின் எம்.சி.பி. 6 ஆம்பியருக்கானது, 0.23 ஆம்பியர் பாய்வது அதற்குத் தெரியவே தெரியாது. ஆர்.சி.சி.பி. (பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள்) கசிவைக் கண்டுபிடிக்கும்தான். ஆனால் நம் நாட்டில் பல வீடுகளின் முதன்மை ஆர்.சி.சி.பி. 0.1 ஆம்பியர் வகை. 0.08 பாய்ந்தால் அது அசையாமலே இருக்கலாம். ஆளைக் காப்பதற்கென்று உள்ளது 0.03 வகை. உங்கள் பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் எந்த ஆர்.சி.சி.பி.யும் உதவாது; அதன் கண்ணுக்கு நீங்களும் ஒரு விளக்குத்தான்.

ஆகவே மெயின் சுவிட்சையே இறக்குங்கள். காற்றாடி நின்று வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. பகல் வெளிச்சத்தில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமுன் டெஸ்ட் பென்னை வேலை செய்யும் ஒரு பிளக் பாயிண்டில் வைத்து, அது ஒளிர்கிறதா என்று பாருங்கள். இறக்கியபின் விளக்கின் ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பாருங்கள். வேலை முடிந்து மின்சாரம் வந்ததும் பென்னை மறுபடி அதே பிளக் பாயிண்டில் சோதியுங்கள். அதனுள்ளே இருக்கும் சிறிய நியான் விளக்கு கெட்டுப்போனாலும் "மின்சாரம் இல்லை" என்றுதான் காட்டும். வெயிலில் அதன் ஒளி தெரியாது. காய்ந்த மர ஏணியில் நின்றாலும் மங்கிவிடும்.

அடுத்தது நிறம். புதிய விளக்கிலிருந்து வரும் கம்பிகளில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நம் சீலிங்கிலிருந்து இறங்குபவை பெரும்பாலும் சிவப்பு லைவ், கருப்பு நியூட்ரல். பழுப்பைச் சிவப்போடும் நீலத்தைக் கருப்போடும் சேர்க்க வேண்டும். ஆபத்து எங்கே என்றால், மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ். அங்கே சீலிங்கிலிருந்து நீலக் கம்பி வந்தால் அது நியூட்ரல் அல்ல. நீலத்தோடு நீலம் என்று ஜோடி சேர்ப்பவர் விபரீதத்தில் மாட்டுவார். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கின் உடல் உலோகம் என்றால் எர்த் கம்பியைக் கட்டாயம் இணையுங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட சின்னம் இருந்தால் மட்டும் எர்த் தேவையில்லை. விளக்கின் கனம் கம்பியில் தொங்கக் கூடாது. வெறும் சீலிங் பலகையும் தாங்காது, மேலே உள்ள மரச்சட்டத்தைத் தேடித் திருகுங்கள். கனெக்டர் திருகை இறுக்கியபின் கம்பியை லேசாக இழுத்துப் பாருங்கள். தளர்ந்த இணைப்பு சூடேறி மெல்லக் கருகும்.

இருக்கும் இடத்தில் விளக்கை மாற்றுவது வரைதான் இது. புதிய பாயிண்ட், புதிய வயரிங், டிபி பெட்டிக்குள் வேலை என்றால் சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கிய பிறகும் ஏதாவது ஒரு கம்பியில் பென் ஒளிர்ந்தால், ஏணியிலிருந்து இறங்கி அவரையே கூப்பிடுங்கள். அவர் வரும்வரை பழைய குழல்விளக்கே இருக்கட்டும்.